உங்கள் வாட்ச் தூக்கத்தை எப்படிக் கணக்கிடுகிறது?

"நேத்து ராத்திரி ஆழ்ந்த தூக்கம் 48 நிமிஷம்தான் காட்டுது" என்று யாராவது கவலையோடு சொல்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. அந்த 48-ஐ வாட்ச் நேரடியாக எங்கிருந்தும் அளந்து எடுக்கவில்லை. தூக்கத்துக்கு மருத்துவம் தரும் வரையறை மூளையின் மின்னலைகளை வைத்தது. மணிக்கட்டில் கட்டிய பட்டைக்கு மூளை தெரியாது, முக்கியமாகக் கை அசைந்ததா இல்லையா என்பதுதான் தெரியும். மீதியெல்லாம் ஊகம்.

ஊகம் என்றதும் "அப்போ எல்லாம் டுபாக்கூர்" என்று தூக்கி எறிகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தூக்க ஆய்வாளர்கள் மணிக்கட்டு அசைவை நம்பி வேலை செய்கிறார்கள். அதில் எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் கேள்வி.

பக்கத்து அறைக் கட்டில்

பக்கத்து அறையில் ஒருவர் பழைய மரக்கட்டிலில் படுத்திருக்கிறார். கதவு மூடியிருக்கிறது. அவர் புரளும்போதெல்லாம் கட்டில் கிறீச்சிடும். அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டு அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று சொல்ல வேண்டும். கிறீச் கிறீச் என்று தொடர்ந்து கேட்டால் விழித்திருக்கிறார் என்று துணிந்து சொல்லலாம். அரைமணி நேரம் சத்தமே இல்லையென்றால் தூங்கியிருப்பார் என்று சொல்வோம், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் அவர் வீட்டுக்கடனை நினைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தாலும் நமக்கு அதே அமைதிதான் கேட்கும்.

வாட்சின் நிலைமை இதுதான். அசைவு இருந்தால் விழிப்பு என்று பிடிப்பது எளிது. அசையாத விழிப்பைப் பிடிப்பதுதான் கஷ்டம். இந்தத் துறையில் நடக்கும் சண்டை பெரும்பாலும் இந்த ஒரு இடத்தைச் சுற்றித்தான்.

எதை வைத்துச் சரிபார்ப்பது?

ஒப்பிட ஒரு உரைகல் வேண்டுமல்லவா? மருத்துவமனையில் 'ஸ்லீப் ஸ்டடி' என்று சொல்லும் பாலிசோம்னோகிராஃபிதான் அது. தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளையும், கண்ணோரத்தில் ஒட்டிக் கண்ணசைவையும், மோவாயில் ஒட்டித் தசை இறுக்கத்தையும், இவற்றோடு இதயத்துடிப்பு, மூச்சு, ரத்த ஆக்சிஜன், கால் அசைவு ஆகியவற்றையும் இரவு முழுக்கப் பதிவு செய்வார்கள். பிறகு பயிற்சி பெற்ற ஒருவர் அந்தப் பதிவை 30 வினாடித் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுப்பார். விழிப்பு, என்1, என்2, என்3, ரெம் என்று ஐந்து பெயர்கள். என்1 இலேசான தொடக்கத் தூக்கம், என்3 ஆழ்ந்த தூக்கம். ரெம் என்பது கண்விழிகள் இமைக்குள் வேகமாக ஓடும் கட்டம்; தெளிவான கனவுகள் அதிகம் வருவது இதில்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆசரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-இல் இதைப் பதிவு செய்து வெளியிட்டார்கள்.

30 வினாடி என்ற கணக்கு காகிதக் காலத்து மிச்சம். நொடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் காகிதம் ஓடினால் 30 சென்டிமீட்டர் பக்கம் ஒன்றுக்கு 30 வினாடி வரும். காகிதம் போய்விட்டது, துண்டு நிற்கிறது.

உரைகல்லே முழுக்கச் சுத்தம் இல்லை. ஒரே பதிவை இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பிரித்தால் 80 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் ஒத்துப்போகிறார்கள். என்1-இல் இது இன்னும் மோசம். ஆகவே "எங்கள் வாட்ச் தூக்கக் கட்டங்களை 95 சதவீதம் துல்லியமாகச் சொல்கிறது" என்று எந்த விளம்பரமாவது சொன்னால், எதை 100 என்று வைத்து அந்த 95-ஐக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள்.

வாட்சுக்குள் இருக்கும் சிப்புக்கு என்ன தெரியும்?

வாட்சுக்குள் அசைவை அளக்கும் உணரி முடுக்கமானி எனப்படும். மிகச் சிறிய சிலிக்கான் துண்டு ஒன்று மெல்லிய வில்களில் தொங்குகிறது. கை அசைந்தால் அது இடம் பெயரும். அந்தப் பெயர்ச்சியை மின்தேக்கு மாற்றமாகப் படித்து எண்ணாக்குகிறார்கள். இப்படி எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று திசைகளில் எண் வரும். அலகு ஜி, ஒரு ஜி என்பது பூமியின் ஈர்ப்பு, நொடிக்கு நொடி 9.8 மீட்டர்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கை அசையாமல் இருக்கும்போதும் முடுக்கமானி பூஜ்யம் காட்டாது. ஈர்ப்பை அது எப்போதும் உணர்வதால் மூன்று அச்சும் சேர்ந்து 1 ஜி காட்டும். அதனால் இந்த ஒரே சிப்பிலிருந்து இரண்டு தகவல்கள் கிடைக்கின்றன.

முதலாவது அசைவின் அளவு. மூன்று எண்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, ஈர்ப்புக்காக 1-ஐக் கழிக்க வேண்டும். 0.6, 0, 0.8 என்று வந்தால் மொத்தம் சரியாக 1. கழித்தால் 0, கை ஓய்வில் இருக்கிறது. 0.6, 0.3, 0.8 என்று வந்தால் 1.044, கழித்தால் 44 மில்லி ஜி, ஏதோ அசைகிறது. விடை எதிர்மறையாக வந்தால் பூஜ்யம் என்று வைப்பார்கள். ஆய்வாளர்கள் இந்த அளவை 'என்மோ' என்பார்கள்.

இரண்டாவது கையின் கோணம். வாட்சின் முகம் மேலே பார்த்துக் கிடந்தால் ஈர்ப்பு முழுவதும் இசட் அச்சில் விழும், கோணம் 90 பாகை. கை பக்கவாட்டில் திரும்பினால் இசட் 0, கோணமும் 0. இசட் 0.5 காட்டினால் 30 பாகை. கை எந்த வாக்கில் கிடக்கிறது என்பதை, அது ஓய்வில் இருக்கும்போதெல்லாம் இப்படிச் சொல்ல முடியும்.

நொடிக்கு 100 முறை, மூன்று அச்சு என்றால் ஒரு நாளைக்கு 2 கோடியே 59 லட்சம் எண்கள். இவ்வளவையும் கடைகளில் விற்கும் வாட்சுகள் பொதுவாகச் சேமித்து வைப்பதில்லை. வாட்சுக்குள்ளேயே சுருக்கிவிட்டு மூலத்தைக் கைகழுவிவிடும். ஆய்வுக் கருவிகள் மூலத்தை வைத்திருக்கும். பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற பெரிய உடல்நல ஆய்வுத் திட்டத்தில் 2013 முதல் 2015 வரை சுமார் ஒரு லட்சம் பேர் ஆக்ஸிவிட்டி ஏஎக்ஸ்3 என்ற கருவியை ஏழு நாள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். அந்த மூலப்பதிவு அப்படியே இருப்பதால்தான் பிற்பாடு வந்த கணக்குமுறைகளையும் அதன்மேல் ஓட்டிப் பார்க்க முடிந்தது.

இதுவரை: உண்மை மூளை அலையில் இருக்கிறது. இந்தச் சிப்பிடம் இருப்பதோ அசைவின் அளவும் கையின் கோணமும்தான். இனி இரண்டையும் எப்படி இணைக்கிறார்கள் என்று பார்ப்போம்.

மெஷின் லேர்னிங்குக்கு முந்தைய கணக்கு

மணிக்கட்டு அசைவை வைத்துத் தூக்கத்தை மதிப்பிடும் முறைக்கு ஆக்டிகிராஃபி என்று பெயர். இதில் மிகவும் புழங்கும் சூத்திரங்களில் ஒன்று 1992-இல் கோல், கிரிப்கி முதலானோர் வெளியிட்டது. ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு அசைவு எண் இருக்கிறது, அதாவது அந்த நிமிடத்தில் கை எவ்வளவு அசைந்தது என்று கருவி சுருக்கிச் சொல்லும் எண். ஒரு நிமிடம் தூக்கமா விழிப்பா என்று தீர்மானிக்க, அதையும் அதற்கு முந்தைய நான்கு நிமிடங்களையும் பிந்தைய இரண்டு நிமிடங்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வரிசையாக 106, 54, 58, 76, 230, 74, 67 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டி, 1000-ஆல் வகுக்க வேண்டும். விடை 1-க்குக் கீழே என்றால் தூக்கம், இல்லையென்றால் விழிப்பு. 230 என்ற பெரிய எடை நாம் தீர்மானிக்கும் நிமிடத்துக்கு உரியது.

அசைவு எண்கள் 0, 0, 0, 0, 4, 0, 0 என்று இருக்கட்டும். 230 பெருக்கல் 4 என்றால் 920. ஆயிரத்தால் வகுத்தால் 0.92. தூக்கம். ஒருமுறை புரண்டு படுத்தார், அவ்வளவுதான் என்று சூத்திரம் விட்டுவிடுகிறது. இப்போது 0, 0, 0, 2, 4, 1, 0 என்று வைத்துக்கொள்வோம். 152, 920, 74 கூட்டினால் 1146; விடை 1.146. விழிப்பு. நடுநிமிடம் இரண்டிலும் ஒன்றுதான். அக்கம்பக்கத்து நிமிடங்கள்தான் தீர்ப்பை மாற்றின.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. இந்த எடைகள் குறிப்பிட்ட கருவியின் அசைவு எண்களுக்குப் பொருத்தியவை. வேறு கம்பெனி கருவியின் எண்ணை அப்படியே போட்டால் குப்பைதான் வரும். ஆக்டிகிராஃப் என்ற கருவியின் எண்களைக்கூட 100-ஆல் வகுத்து, 300-க்கு மேல் போனதை 300 என்று வெட்டிய பிறகே இந்தச் சூத்திரத்துக்குள் விடுகிறார்கள்.

பிறகு 2015-இல் வான் ஹீஸ் குழுவினர் அசைவு எண்ணை விட்டுவிட்டுக் கோணத்தைப் பிடித்தார்கள். கையின் கோணம் தொடர்ந்து 5 நிமிடத்துக்கு 5 பாகைக்கு மேல் மாறவில்லையென்றால் தூக்கம். இவ்வளவு எளிய விதி பழைய சூத்திரங்களோடு போட்டி போடுகிறது. கோணம் ஈர்ப்பைச் சார்ந்தது என்பதால் கருவிக்குக் கருவி பெரிதாக மாறுவதுமில்லை.

மெஷின் லேர்னிங் புதிதாக என்ன செய்கிறது?

மேலே சொன்ன எடைகளை மனிதர்கள் ஒரு சிறு குழுவின் பதிவைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். மெஷின் லேர்னிங்கில் அந்த எடைகளை நிரலே எடுத்துக்காட்டுகளிலிருந்து தேடிக்கொள்கிறது. எடை ஏழு மட்டும் இருக்க வேண்டியதில்லை, லட்சக்கணக்கில் இருக்கலாம். வேறு மாயம் கிடையாது.

வேலை நடக்கும் விதம் இப்படி. ஒருவருக்கு ஸ்லீப் ஸ்டடி செய்யும் இரவில் மணிக்கட்டிலும் வாட்ச் கட்டுகிறார்கள். எட்டு மணி நேரப் பதிவில் 960 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் வாட்சின் அசைவு ஒரு பக்கம், நிபுணர் வைத்த பெயர் மறுபக்கம். நிரல் ஒரு ஊகம் சொல்லும், நிபுணரின் பெயரோடு ஒப்பிடும், தப்பென்றால் எடைகளைக் கொஞ்சம் திருத்தும். இதைத் திரும்பத் திரும்பச் செய்வதற்குத்தான் பயிற்சி என்று பெயர். பயிற்சி முடிந்து கிடைக்கும் எடைத் தொகுதி 'மாடல்'.

சிக்கல் ஆரம்பிப்பதே இரண்டு கடிகாரங்களில். மருத்துவமனைக் கணினியின் கடிகாரமும் வாட்சின் கடிகாரமும் அரை நிமிடம் விலகியிருந்தால் ஒவ்வொரு பெயரும் பக்கத்துத் துண்டின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். நெடுநேரத் தூக்கத்தின் நடுவில் இது தெரியாது. விழிப்பு வந்துபோகும் இடங்களில்தான், அதாவது மாடல் கற்க வேண்டிய முக்கியமான இடங்களில்தான், எல்லாம் தப்பாகும். இரண்டு பதிவிலும் தெரியும்படி தொடக்கத்திலும் முடிவிலும் கையை மூன்று முறை உதறச் சொல்லிக் குறித்துக்கொள்வது நல்ல வழக்கம்.

அடுத்தது சோதிக்கும் விதம். ஒரே ஆளின் இரவிலிருந்து பாதித் துண்டுகளைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் எடுத்தால் மதிப்பெண் அள்ளும். 412-ஆம் துண்டைப் பார்த்துப் படித்த மாடலுக்கு 413-ஐச் சொல்வது பெரிய காரியமா? துண்டு வாரியாகப் பிரிக்காமல் ஆள் வாரியாகப் பிரிக்க வேண்டும். பயிற்சியில் பார்த்த யாரும் சோதனையில் வரக் கூடாது. ஒரு ஆய்வுக் கட்டுரையில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

பெயரிட்ட இரவுகள் குறைவு, பெயரில்லாத பதிவுகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. இதைச் சமாளிக்கத் தற்கண்காணிப்புக் கற்றல் என்ற வழி வந்தது. நிபுணரின் பெயர் இல்லாமல், பதிவிலிருந்தே ஒரு புதிரை உருவாக்கி மாடலுக்குக் கொடுப்பது. அசைவுப் பதிவைச் சில சமயம் பின்னோக்கி ஓடவிட்டு "இது நேராக ஓடுகிறதா, திருப்பி ஓடுகிறதா?" என்று கேட்பது ஒரு புதிர். விடை நமக்கு ஏற்கெனவே தெரியும், நிபுணர் தேவையில்லை. இப்படி லட்சக்கணக்கான நாட்களின் பதிவில் புதிர் விடுவித்த மாடல், மனிதக் கை எப்படி அசையும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. பிறகு கொஞ்சம் ஸ்லீப் ஸ்டடி இரவுகளைக் காட்டினால் போதும். யூகே பயோபேங்க் பதிவுகளை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் செய்தது இதைத்தான்.

90 சதவீதம் என்ற மாயம்

தூக்க மாடல்கள் பற்றிய விளம்பரங்களில் 'துல்லியம் 90 சதவீதம்' என்பது அடிக்கடி வரும். இதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

960 துண்டுகள் உள்ள ஓர் இரவு. அதில் 860 தூக்கம், 100 விழிப்பு. ஒரு போலி வாட்ச் செய்கிறோம். உள்ளே உணரியே கிடையாது, எப்போதும் "தூக்கம்" என்று மட்டும் சொல்லும். அதன் துல்லியம் 960-க்கு 860, அதாவது 89.6 சதவீதம்!

இப்போது உண்மையான கருவி. 77 பேரின் பதிவை வைத்து 2013-இல் வந்த ஆய்வு ஒன்றில், மணிக்கட்டுக் கருவி தூக்கத் துண்டுகளில் 96.5 சதவீதத்தைச் சரியாகப் பிடித்தது. விழிப்புத் துண்டுகளில் பிடித்ததோ சுமார் 33 சதவீதம். இந்த விகிதங்களை நம் இரவில் போட்டால், தூக்கத்தில் 830 சரி, விழிப்பில் 33 சரி, மொத்தம் 863. துல்லியம் 89.9 சதவீதம். உணரியே இல்லாத வாட்சுக்கும் இதற்கும் 0.3 சதவீதம்தான் வித்தியாசம்.

அதனால் துல்லியம் என்ற ஒற்றை எண்ணைத் தனியாகப் பார்க்கக் கூடாது. தூக்கத்தைப் பிடிக்கும் விகிதத்துக்கு உணர்திறன் என்று பெயர், விழிப்பைப் பிடிக்கும் விகிதத்துக்குத் தனித்திறன். இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். சும்மா அடித்துவிட்டாலே வரக்கூடிய மதிப்பெண்ணைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்லும் காப்பா என்ற அளவும் உண்டு. அதில் போலி வாட்சுக்கு 0, உண்மைக் கருவிக்கு சுமார் 0.35.

இதே கருவியைத் தூக்கமின்மையால் அவதிப்படும் ஒருவருக்குக் கட்டுவோம். எட்டு மணி நேரப் படுக்கையில் 5 மணி நேரம்தான் தூங்கினார், அதாவது 600 துண்டு தூக்கம், 360 விழிப்பு. அதே விகிதங்கள் என்று வைத்துக்கொண்டால் கருவி 600-இல் 579-ஐத் தூக்கம் என்னும். விழிப்பான 360-இல் 241-ஐயும் தூக்கம் என்றே சொல்லும். மொத்தம் 820 துண்டு, 6 மணி 50 நிமிடம். பாவம், ராத்திரி முழுக்க அவதிப்பட்டவரிடம் "நீங்கள் நன்றாகத்தான் தூங்கினீர்கள்" என்று சொல்கிறது வாட்ச். நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு நெருக்கமான விடையும், மோசமாகத் தூங்குகிறவர்களுக்கு மோசமான விடையும் தரும் கருவி இது.

சுருக்கமாக: வாட்ச் தூக்கத்தைத் தவறவிடுவது குறைவு, விழிப்பைத் தவறவிடுவது அதிகம். எனவே மொத்தத் தூக்கத்தைக் கூட்டிக் காட்டும் பக்கமாகவே அது சாயும்.

அப்போ ஆழ்ந்த தூக்கம், ரெம் எல்லாம்?

அசைவை மட்டும் வைத்து என்2-ஐயும் என்3-ஐயும் பிரிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். இரண்டிலும் கை சும்மா கிடக்கிறது. ரெம்மில் கைகால் தசைகள் தளர்ந்துபோவதால் அங்கும் அமைதிதான். அதனால்தான் வாட்சின் அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு. தோலில் ஒளி பாய்ச்சி, ரத்த ஓட்டத்துக்கேற்ப மாறும் பிரதிபலிப்பிலிருந்து துடிப்பை எண்ணுகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் துடிப்பு சீராக இருக்கும், ரெம்மில் ஏறி இறங்கும். இந்த வித்தியாசத்தையும் அசைவையும் சேர்த்து மாடல் ஊகிக்கிறது.

இதை வெளிப்படையாகச் செய்துகாட்டிய ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. 31 பேருக்கு ஆப்பிள் வாட்ச் கட்டி, அசைவின் மூலப்பதிவையும் துடிப்பையும் ஸ்லீப் ஸ்டடியோடு ஒப்பிட்டார்கள். தூக்கத் துண்டுகளில் 93 சதவீதத்தைப் பிடிக்கும்படி மாடலை வைத்தபோது விழிப்பில் சுமார் 60 சதவீதம் பிடிபட்டது. விழிப்பு, ரெம், ரெம் அல்லாதது என்று மூன்றாகப் பிரித்தபோது துல்லியம் சுமார் 72 சதவீதம். நாலு துண்டுக்கு ஒன்றுக்குமேல் தப்பு. "ஆழ்ந்த தூக்கம் 48 நிமிஷம்" என்பதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

அந்த ஆய்வில் உடலின் நாள்சுழற்சியைக் குறிக்கும் ஓர் எண்ணையும் மாடலுக்குக் கொடுத்தார்கள். இந்த மாதிரி உதவி நல்லதுதான், ஆனால் கத்திமேல் நடப்பது. பகலில் விழித்து இரவில் தூங்குகிறவர்களை மட்டும் பார்த்துப் படித்த மாடல், உடம்பைப் பார்க்காமல் மணியைப் பார்த்தே விடை சொல்லத் தொடங்கிவிடும். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஒன்பதுக்குப் படுப்பவரின் தூக்கம் அப்போது கணக்கிலேயே வராமல் போகலாம்.

எங்கெல்லாம் சறுக்கும்?

கழற்றி மேசையில் வைத்த வாட்ச்தான் உலகிலேயே ஆழ்ந்து தூங்கும் ஜீவன். ஓர் அசைவும் இல்லை. உயிருள்ள கை முழுக்க அசையாமல் இருக்காது என்பதால், ஒரு மணி நேர அளவில் அச்சுகளின் ஏற்ற இறக்கம் சுமார் 13 மில்லி ஜிக்கும் கீழே போனால் கட்டியிருக்கவில்லை என்று ஆய்வு மென்பொருள்கள் சந்தேகிக்கின்றன. தோல் வெப்பமோ துடிப்போ பதிவானால் இன்னும் தெளிவாகப் பிரித்துவிடலாம்.

வெளியிலிருந்து வரும் அசைவு இதற்கு நேர்மாறு. ஓடும் பஸ்ஸில் நன்றாகத் தூங்கினாலும் வாட்ச் விழிப்பு என்று எழுதும். தூளியில் ஆடும் குழந்தையின் காலில் கருவி கட்டினால், ஆடுவது தூளியா குழந்தையா என்று அதற்குப் புரியாது. பக்கத்தில் படுப்பவர் புரளும்போது மெத்தை குலுங்குவதும் பதிவில் ஏறலாம்.

உணரியின் பிழை இன்னொன்று. அசையாமல் வைத்தால் 1 காட்ட வேண்டியது 1.02 காட்டினால், இரவு முழுக்க 20 மில்லி ஜி பொய் அசைவு சேரும். கை ஓய்வாகக் கிடந்த பல நிலைகளை எடுத்து, எல்லாமே 1 ஜி காட்டும்படி திருத்திய பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

நோய்களைப் பொறுத்தவரை ஒன்று திட்டவட்டம். தூக்கத்தில் கால்கள் திரும்பத் திரும்ப உதறும் கோளாறைக் கண்டறிய, தசை மின்பதிவுக்குப் பதிலாக ஆக்டிகிராஃபியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2018 வழிகாட்டுதலில் உறுதியாகச் சொல்கிறது. மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவையும் அசைவு மட்டும் சொல்லிவிடாது. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருக்கிறவர், வாட்ச் 'நல்ல தூக்கம்' காட்டுகிறதே என்று டாக்டரிடம் போகாமல் இருக்க வேண்டாம்.

கட்டுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

அதிகம் பயன்படுத்தாத கையில், அதாவது வலக்கைக்காரர் என்றால் இடக்கையில் கட்டுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, வழுக்காத அளவு இறுக்கம் போதும். பட்டை தொளதொளவென்று இருந்தால் அசைவும் துடிப்பும் இரண்டுமே கெடும். தூங்க முயன்ற நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். டாக்டரிடம் காட்டுவதற்கு ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம் தொடர்ந்து வேண்டும்.

எண்களில் மிகவும் நம்பத்தக்கவை படுத்த நேரமும் எழுந்த நேரமும், அவை நாளுக்கு நாள் எவ்வளவு தள்ளிப்போகின்றன என்பதும். மொத்தத் தூக்கம் அதற்கு அடுத்து. அதை ஒரு வாரச் சராசரியாகப் பாருங்கள். நடுராத்திரி விழிப்பு நிமிடங்கள் குறைத்தே காட்டப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டங்களின் நிமிடங்கள் கடைசி.

ஆழ்ந்த தூக்கம் திடீரென ஒரே நாளில் இருமடங்கானால் பாலில் மஞ்சள் போட்டுக் குடித்ததுதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன், வாட்சின் மென்பொருள் எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்கள். மாடலை மாற்றினால் அதே கை, அதே அசைவு, வேறு எண். மூலப்பதிவு இல்லாத வாட்சில் பழைய இரவுகளைப் புதிய மாடலில் ஓட்டி ஒப்பிடவும் வழியில்லை. அப்டேட் ஆன தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைத் தனித்தனிக் கணக்காக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.